வன்னிக் குளங்களும் உலகின் பழைய நாகரிகங்களும்: எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வியை எழுதியவர், கிளிநொச்சியில் உயர்தரத்துக்கு வரலாறு படிப்பவர் என்று தம்மைக் குறிப்பிட்டிருக்கிறார். எகிப்து, மொசப்பத்தேமியா, சிந்துவெளி, சீனம், உரோம், அநுராதபுரம், சோழப் பேரரசு ஆகிய ஏழையும் எழுதி, இவற்றுள் எது மிகப் பெரியது, எதன் மரபு இன்றும் உயிரோடிருக்கிறது என்று கேட்கிறார். அதனோடு இரண்டு துணைக் கேள்விகளும் உள்ளன: சிந்துவெளி தமிழருடையது என்றால் நாம்தானே எல்லோருக்கும் மூத்தவர்கள் என்பது ஒன்று, அப்படியிருந்தும் வன்னியில் காட்டையும் குளத்தையும் தவிரக் காட்டுவதற்கு எதுவும் இல்லாமற்போனது ஏன் என்பது மற்றது. முதற்கேள்வி பரீட்சைக்கு உரியதுபோல் தோன்றினாலும், கேட்டவரை உண்மையில் உறுத்துவது கடைசிக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. தரவரிசையில் எங்கள் மண்ணுக்கு ஓர் இடம் உண்டா என்பதே அவர் அறிய விரும்புவது. அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நான் வரலாற்றுத் துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் பணிசெய்து ஓய்வுபெற்றவன். பழைய குளக்கட்டுகளைத் திருத்தும் வேலையில் இருந்தபோது, இவற்றை முதலில் கட்டியவர்கள் எப்படி யோசித்திருப்பார்கள் என்ற ஆவல் வந்து, அதன் பின்னரே வரலாற்று நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆகையால் கட்டு, துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு), வான் (மிகைநீர் வழியுமிடம்), வாய்க்கால் பற்றி நான் சொல்வதைத் தொழில் தெரிந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டு, மொழி, அரசியல் பற்றிச் சொல்வதைக் கவனமாகப் படித்த ஒருவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகரிகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது பெரியது என்று பார்க்கும் ஆசை புதியதன்று. கி.பி. 97இல் உரோம நகரின் நீர் விநியோகத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட புரொண்டினஸ் என்பவர், தம் பொறுப்பிலிருந்த ஒன்பது நீர்க்கால்களைப் பற்றி எழுதும்போது, இத்தனை இன்றியமையாத கட்டுமானங்களோடு வேலையற்ற பிரமிட்டுகளையும், புகழ் மிகுந்தும் பயனற்ற கிரேக்கரின் படைப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பெருமையோடு குறிப்பிட்டார். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. ஆயினும் அவர் செய்தது என்னவென்று பாருங்கள்: பயன் என்பதை அளவுகோலாக எடுத்தார், அந்த அளவுகோலில் தம் நகரம் வெல்லும் என்பது அவருக்கு முன்பே தெரியும். உயரத்தை எடுத்திருந்தால் எகிப்து வென்றிருக்கும். சிலையழகை எடுத்திருந்தால் கிரேக்கர் வென்றிருப்பர். இன்றுவரை இத்தகைய ஒப்பீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. வெல்லவேண்டியவர் யார் என்று தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற அளவுகோலைத் தேடுகிறோம். எனவே எந்த அளவுகோல் என்பதை முதலில் சொல்லாமல் எது பெரியது என்று கேட்டால் விடை கிடையாது. இது மழுப்பல் அன்று. அளவுகோலைச் சொன்னால் பல இடங்களில் திட்டமான விடை உண்டு.

உயரமும் பருமனும்தான் அளவுகோல் என்றால் எகிப்தோடு நெடுங்காலம் போட்டியிட யாருமில்லை. கூஃபு மன்னனின் பிரமிட்டு கி.மு. 2600ஐ அடுத்த காலத்தில், ஏறத்தாழ 146 மீற்றர் உயரத்தில், சுமார் 23 இலட்சம் கற்களைக் கொண்டு கட்டப்பட்டது. அதைக் கட்டியோர் சாட்டையடி வாங்கிய அடிமைகள் என்ற பழைய கதையை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. தொழிலாளர் குடியிருப்பும் அவர்களது கல்லறைகளும் கீசாவிலேயே அகழப்பட்டுள்ளன. 2013இல் செங்கடற் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்த பப்பிரசு ஏடுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் துரா என்னுமிடத்துச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் கீசாவுக்குக் கொண்டுசென்ற நாட்குறிப்பே இருக்கிறது. வேலைத்தளத்து நாட்குறிப்பு எழுதியே காலத்தைக் கழித்த எனக்கு, நாலாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னரும் ஒருவர் அதே வேலையைச் செய்திருக்கிறார் என்பது பிரமிட்டைவிடப் பெரிய வியப்பு. எங்கள் தீவும் இந்தப் பந்தயத்தில் சளைத்ததன்று என்பதையும் சொல்லவேண்டும்: 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் எழுந்த ஜேதவனராமத் தாதுகோபம் ஏறத்தாழ 122 மீற்றர் உயரம் கொண்டிருந்தது. பண்டைய உலகில் அதைவிட உயர்ந்தவை கீசாவின் இரண்டு பெரிய பிரமிட்டுகள் மட்டுமே. இதுவோ செங்கல்லால் ஆனது.

ஆனால் பெருமையும் மரபும் ஒரே பொருள் அல்ல. நம் மாணவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுதான். பிரமிட்டு கட்டும் கலை எகிப்திலேயே வழக்கொழிந்தது. அதைவிடச் சிறிய ஒன்றுதான் உலகெங்கும் பரவியது. கி.மு. 19ஆம் அல்லது 18ஆம் நூற்றாண்டளவில் சீனாய்ப் பகுதியில் இருந்த செமித்திய மொழி பேசிய மக்கள், எகிப்தியப் பட எழுத்துகளின் வடிவங்களை எடுத்துத் தம் மொழியின் ஒலிகளுக்குக் குறியாக்கினர். அதிலிருந்து பினீசிய எழுத்தும், அதன்வழி கிரேக்க, இலத்தீன், அரமேய, அரபு எழுத்துகளும் பிறந்தன. இவ்வளவும் உறுதி. பிராமி எழுத்து அரமேயத்தின் தூண்டலால் உருவானது என்பது பல அறிஞர்களின் கருத்து. அது முடிந்த முடிபன்று. அக்கருத்துச் சரியென்றால், பிராமியின் வழிவந்த தமிழெழுத்தில் நீங்கள் எழுதிய கேள்வியிலேயே எகிப்தின் மரபு ஒரு துளி இருக்கிறது. மொசப்பத்தேமியாவின் கதையும் இப்படியானது. அதன் கோபுரங்கள் மண்மேடாயின. அறுபதை அடியாகக் கொண்டு எண்ணும் அதன் முறையோ, ஒரு மணித்தியாலத்துக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று நிலைத்துவிட்டது. சிறுபோகத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது, இன்னாருக்கு இத்தனை மணித்தியாலம் என்று பிரிக்கிறோமே, அந்தப் பிரிப்பு சுமேரியரும் பாபிலோனியரும் வைத்த கணக்கு.

இனி என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதை ஏற்கவேண்டியதில்லை. ஒரு நாகரிகம் கட்டியது, அதைக் கட்டுவித்த அரசு மறைந்த பிறகும், பெயரறியாத சாதாரண மக்களின் கையால் திருத்தப்பட்டு இயங்கியதா என்பதே அது. நீர்ப்பாசன வேலையில் புதிதாகக் கட்டுவது எளிது; பணமும் ஆளும் இருந்தால் எந்த அரசும் கட்டும். ஐம்பதாம் மாரிக்குப் பிறகு வாய்க்காலில் படிந்த மண்ணை அள்ளுவது யார் என்பதுதான் கடினமான கேள்வி.

இந்த அளவுகோலில் உரோமுக்கு நான் குறைந்த புள்ளிதான் கொடுப்பேன். முதலாவது நீர்க்கால் கி.மு. 312இல் கட்டப்பட்டது, பிற்காலத்தில் அவை பதினொன்றாயின. பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முழு ஏற்பாடும் ஒரு பெருநகரத்துக்காக, ஒரு மைய நிர்வாகத்தை நம்பி நின்றது. 537இல் ஒஸ்திரோகொத்தியர் என்ற செருமானிய இனத்தார் நகரை முற்றுகையிட்டு நீர்க்கால்களை உடைத்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றை முன்போல் இயக்கும் வலு நகரிடம் இருக்கவில்லை. குடித்தொகையும் முந்திய பெருக்கத்தில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. விதிவிலக்கும் உண்டு: கி.மு. 19இல் அக்ரிப்பா கட்டிய வேர்கோ நீர்க்கால் பலமுறை திருத்தப்பட்டு, இன்று திரேவி நீரூற்றுக்கு நீர் தருகிறது. உரோமின் பெரிய மரபு நீரில் இல்லை. அதன் சட்டத்திலும் மொழியிலும் இருக்கிறது. எங்கள் நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றும் உரோம-டச்சுச் சட்டத்தை ஒல்லாந்தர் கொண்டுவந்தார்கள். உரோமர் ஒருபோதும் ஆளாத நாட்டில் அவர்களது சட்டம் வழக்குத் தீர்க்கிறது என்பதை மரபு என்ற சொல்லுக்கு உதாரணமாகத் தாராளமாக எழுதலாம்.

கம்போடியாவின் அங்கோரையும் உங்கள் பட்டியலில் சேர்த்திருக்கலாம். அதன் மேற்கு நீர்த்தேக்கம் மட்டும் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளம், 2 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலம். 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சிகளும் இடையிடையே பெருமழையும் மாறிமாறி வந்தன என்பதை வியட்நாமின் மரவளையங்கள் காட்டுகின்றன. ஒன்றோடொன்று பின்னிய பெரிய வலை ஓரிடத்தில் அறுந்தால் எல்லா இடத்திலும் தளரும். அங்கோரின் வீழ்ச்சிக்கு இதுவே முழுக்காரணம் என்று சொல்லமுடியாது. அயுத்தயா என்ற தாய்லாந்து அரசின் படையெடுப்பும் வணிக மாற்றமும் உண்டு.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அநுராதபுர நாகரிகத்தின் நீர்வேலை இரண்டு அடுக்கானது என்பதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. மேலடுக்கில் மன்னர்கள் கட்டிய பெருங்குளங்களும் நெடுங்கால்வாய்களும் இருந்தன. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்துக் கலாவாவியிலிருந்து அநுராதபுரம் நோக்கிச் செல்லும் ஜயகங்கைக் கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதல் 17 மைலில் மைலுக்கு ஏறத்தாழ 6 அங்குலம்தான் சரிவு என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு. அதாவது பத்தாயிரம் அடி ஓடினால் ஓரடிக்கும் குறைவாக இறங்குவது. மட்டமானியும் தொலைநோக்கியும் வைத்துக்கொண்டு அத்தகைய சரிவைப் பிடிக்கவே நாங்கள் வியர்த்திருக்கிறோம். அவர்கள் எந்தக் கருவியால் பிடித்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. சொல்லப்படும் விளக்கங்கள் ஊகங்களே.

துருசு இன்னொரு சான்று. பத்து மீற்றர் ஆழமான நீரின் அடியில் ஒரு வாயைத் திறந்தால், நீர் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் வேகத்தில் பாய முற்படும். அந்த வேகத்தை மண்கட்டின் அடியில் விட்டால் கட்டு ஓர் இரவுக்குத் தாங்காது. அதற்குத் தீர்வாகக் கட்டின் உட்பக்கத்தில், நேர்த்தியாகச் செதுக்கிய கல்லால் சதுரக் கிணறு போன்ற ஓர் அமைப்பை வைத்து, அதற்குள்ளேயே நீரை அடக்கித் திறந்தார்கள். சிங்களத்தில் அதற்குப் பிசோக்கொட்டுவ என்று பெயர். பிரித்தானியர் காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர்தான் இதன் தொழிற்பாட்டை முதலில் விளக்கியவர். முல்லைத்தீவு மாவட்டத்தில், பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளத்தையும் அவர் ஆராய்ந்து, செங்கற்களின் அளவை வைத்து அது கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகலாம் என்று கணித்தார். குளம் மிகப் பழையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செங்கல் அளவை மட்டும் வைத்துக் காலம் சொல்வதை இன்று உறுதியான முறையாகக் கொள்ளமுடியாது. பழைய செங்கல்லைப் பெயர்த்துப் புதிய வேலைக்குப் போடுவது எல்லாக் காலத்திலும் நடப்பது. ஆகவே அந்த நூற்றாண்டை உறுதிபோல் எழுதாதீர்கள்.

கீழடுக்குதான் என் மனத்துக்கு நெருங்கியது. ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகக் குளத்துக்குக் குளம் தொடுத்து வைத்திருப்பார்கள். மேற்குளம் வான்பாய்ந்தால் அந்த நீரும், மேல்வயலிலிருந்து வடிகிற நீரும் அடுத்த குளத்துக்கு வரும். ஒரே மழைநீர் நாலைந்து முறை வயலைக் காண்கிறது. குளத்துக்கு மேலே காடு மண்ணைத் தடுக்கும். கட்டுக்குக் கீழே மரச்சோலை உவரை உறிஞ்சும். வவுனியாவின் தென்பகுதியிலிருந்து அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவிய முழுவதும் இப்படித்தான். இந்தத் தொடர்குள முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றது. மொசப்பத்தேமியாவின் தென்பகுதியில் வயல்களில் உப்பேறியதால்தான் கோதுமை குறைந்து வாற்கோதுமை பெருகியது, விளைச்சலும் வீழ்ந்தது என்று 1958இல் ஜேக்கப்சனும் ஆடம்சும் எழுதினார்கள். அதன் அளவைப் பிறர் மறுத்திருக்கிறார்கள். ஆயினும் வடிச்சலுக்கு வழியில்லாத பாசனம் வயலைக் கொல்லும் என்பது எந்த நாட்டுக்கும் பொது. கடனீரேரிக்குப் பக்கத்தில் கடைமடைக் காணி வைத்திருக்கும் கிளிநொச்சிக் கமக்காரரிடம் கேட்டால் அவரே சொல்வார்.

1957இல் விற்போகல் என்ற அறிஞர், பெரிய அளவில் நீரைக் கட்டுப்படுத்தும் சமூகங்கள் எல்லாம் கொடுங்கோல் ஆட்சிக்கும் பெரிய அதிகார வர்க்கத்துக்கும் இட்டுச்செல்லும் என்று வாதித்தார். அதற்கு மறுப்புச் சொன்னவர்களுள் எட்மண்ட் லீச் முக்கியமானவர். அவர் 1954இல் அநுராதபுரப் பகுதியில் புல்எலிய என்ற ஒரு சிறு கிராமத்தில் தங்கி, அதன் குளமும் வயற்பங்கும் எப்படி நடக்கின்றன என்பதைக் கூர்ந்து பார்த்தவர். மன்னனும் தலைநகரமும் போய்ப் பல நூற்றாண்டுக்குப் பின்னரும் கிராமக் குளம் ஊராரின் வழக்கத்தால் இயங்குகிறது, அதற்கு அதிகார வர்க்கம் தேவைப்படவில்லை என்பது அவர் முடிவு. என் அனுபவமும் அதோடு பொருந்துகிறது. நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை ஒருவர் கூட்டத்தில் எழுந்து, இன்ன திகதிக்கு வாய்க்கால் துப்புரவு, வராதவருக்கு முதற்தண்ணீர் இல்லை என்று சொன்னால் அந்த வேலை நடக்கும். அதே கட்டளையைக் காரியாலயத்திலிருந்து நாங்கள் கடிதமாக அனுப்பினால் பதில்தான் வரும். ஆனால் இதை இனிமையான கதையாக மட்டும் சொல்லிவிடக்கூடாது. கண்டி இராச்சியப் பகுதிகளில் குளத்தைப் பேணிய இராசகாரிய ஊழியம் கட்டாய உழைப்பும்தான். 1830களில் அது ஒழிக்கப்பட்டபோது மக்களுக்கு விடுதலை கிடைத்தது, குளங்களுக்குப் பேணுவார் இல்லாமற்போயினர். 1856இல் ஆளுநர் ஹென்றி வாட் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டம், பழைய வழக்கங்களை மீண்டும் நடைமுறைப்படுத்துவதையே தன் நோக்கமாகச் சொன்னது.

சோழரைப் பற்றித் தமிழர் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரியகோயிலின் விமானம் 60 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. 1025இல் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. இவை ஐயத்துக்கு இடமற்றவை. என் அளவுகோலில் அவர்களை உயர்த்துவது வேறொன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், குடவோலையால் தெரிவுசெய்யப்படும் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. ஓர் ஊரின் ஏரியைப் பேணும் பொறுப்பை விதிமுறையோடு ஊரிடமே வைத்திருந்தார்கள். ஆனால் இதை உலகின் முதல் மக்களாட்சி என்று பரப்புவது மிகை: அது பிராமணர் குடியிருப்பின் சபை, நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களே நிற்கமுடியும். அதே சோழர் 993இல் அநுராதபுரத்தைக் கைப்பற்றினார்கள்; 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தார்கள். விகாரைகள் சூறையாடப்பட்டன என்று பாளி வரலாற்றேடு சொல்வதைப் பகைவரின் கூற்று என்று தள்ளிவிட முடியாது. ஈழத்து மன்னனின் முடியையும் அவன் தேவியரின் முடியையும் கைக்கொண்டதை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகப் பாடுகிறது. ஒரே அரசு தன் ஊரில் ஏரியைப் பேணியது, அயலூரில் கொள்ளையிட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

13ஆம் நூற்றாண்டு முதல் வரண்ட பிரதேசத்தின் பெருங்குளங்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. 1215இல் மாகனின் படையெடுப்பு, அதற்கு முன்னும் பின்னும் நடந்த போர்கள், மலேரியா, மழைப்போக்கின் மாற்றம், வணிகம் தென்மேற்குக்கு நகர்ந்தமை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. எந்த ஒன்றுக்கும் தனியாக முழுப்பாரத்தை ஏற்றமுடியாது. மலேரியா காரணமா விளைவா என்பதே தீராத வழக்கு. நீங்கள் இன்று காணும் வன்னிக் காட்டின் பெரும்பகுதி, உடைந்த குளங்களின்மேல் வளர்ந்த காடு. ஆகவே காடும் குளமும் தவிர ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதியது ஒருவகையில் சரி: அந்தக் காடும் குளமும்தான் சான்று. எகிப்தில் கல்லும் வறட்சியும் இருந்தன, அதனால் மிஞ்சியது. இங்கே மண், மரம், செங்கல். அதன்மேல் மாரிமழையும் வேர்களும். மிஞ்சியதைக்கூட மனிதர் எடுத்துவிடுவார்கள். ஹரப்பாவின் செங்கற்கள் 19ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் இரும்புப்பாதைக்கு அடிச்சரளையாகப் போயின.

அப்படியானால் யாருடைய நாகரிகத்தின் எச்சம் இது, தமிழருடையதா சிங்களவருடையதா என்று உடனே கேட்பார்கள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் உள்ள பிராமிக் கல்வெட்டுகள் பிராகிருத மொழியில் அமைந்தவை. அவற்றில் கொடையாளராக விசாகன் என்ற தமிழ் வணிகன் குறிக்கப்படுகிறான். எழுத்தின் மொழியையும் கொடுத்தவனையும் அறிய அது போதும். குளக்கட்டுக்கு மண் சுமந்தவர்கள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. இன்றைய அடையாளங்களை ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னால் இழுத்துச்சென்று அங்கே வேலி போடுவது ஆய்வாகாது. இன்னோர் இடத்தையும் பாருங்கள். மன்னார் பெருநிலத்தில் மாந்தை என்ற மாதோட்டத் துறைமுகத்தை ஜோன் கார்ஸ்வெல் 1980 முதல் 1984 வரை அகழ்ந்தார். போர் அந்த வேலையை நிறுத்திவிட்டது. சீனத்து மட்கலங்களும் பாரசீக, இசுலாமிய நாடுகளின் மட்கலங்களும் அங்கே கிடைத்தன. போர் முடிந்தபின் 2009–10இல் அங்கே மீண்டும் அகழ்ந்து மண்ணைச் சலித்தபோது கிடைத்தவற்றுள், 10ஆம் 11ஆம் நூற்றாண்டளவிலான ஒரு கிராம்பும் இருந்தது. கிராம்பு அக்காலத்தில் கிழக்கிந்தோனேசியத் தீவுகளில் மட்டுமே விளைந்த பொருள். அதே மாதோட்டத்தில் சோழர் காலத்தில் இராசராச ஈசுவரம் எழுந்தது. அருகிலேயே கட்டுக்கரைக்குளம், அருவியாற்றைத் தேக்கம் என்ற கல்லணையால் மறித்து அதற்கு நீர் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் பயணத்துக்குள் இத்தனையும் இருக்க, காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பது எங்கள் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகாததன் விளைவு.

ஒரு திருத்தமும் சேர்க்கவேண்டும். உங்கள் ஊரின் இரணைமடுவைப் பண்டைய மன்னர் கட்டிய குளம் என்று பலர் நம்புகிறார்கள். கனகராயன் ஆற்றை மறித்த இன்றைய அணை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கி, பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. யாழ்ப்பாணத்து நிலநெருக்கடியைத் தணிக்க 1936இல் தொடங்கிய குடியேற்றத்தால்தான் கிளிநொச்சி நகரமாயிற்று. அங்கே உண்மையில் பழையது குளத்துக்கு அடியிலுள்ள செம்மண்: அதன் பெயரால் இரணைமடுப் படிவு என்று புவியியலாளர் அழைக்கும் அந்த அடுக்கில் கற்கால மனிதரின் கருவிகள் கிடைத்துள்ளன.

எல்லாவற்றையும் என் அளவுகோலில் நிறுத்தினால் முதலிடம் எங்களுக்கு வராது, சோழருக்கும் வராது. சீனத்தின் சிச்சுவான் மாநிலத்தில் லீ பிங் என்ற ஆளுநர் கி.மு. 256ஐ அண்டிக் கட்டிய துசியாங்யான் பாசன வேலைக்குத்தான் கொடுப்பேன். ஆற்றை முழுதாக மறிக்காமல், நடுவில் ஒரு திட்டால் இரண்டாகப் பிரித்து, வெள்ளத்தை ஒரு கிளையிலும் பாசன நீரை மறுகிளையிலும் விடும் முறை அது. அரச வம்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, அது இன்றும் செங்டு சமவெளிக்கு நீர் தருகிறது. ஆற்றுப்படுகையை ஆழமாய் அள்ளு, அணையைத் தாழ்வாய்க் கட்டு என்ற பொருளில் அங்கே ஒரு பழைய விதி உண்டு. எவ்வளவு ஆழத்துக்கு அள்ளுவது என்பதற்குப் படுகையின் அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். பேணுகிறவருக்கு வேண்டிய அறிவுறுத்தலைக் கட்டுமானத்துக்குள்ளேயே வைத்த அந்தச் செயலை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. எங்கள் கிராமக் குளத்தொடர்களை அதற்கு அடுத்ததாக வைப்பேன். பெருங்குளங்களை அதற்கும் கீழே.

சிந்துவெளி பற்றிய கேள்வி மிஞ்சுகிறது. 1:2:4 என்ற விகிதத்தில் செங்கல், ஒரே தரத்தில் எடைக்கற்கள், மொகஞ்சதாரோவின் வடிகால்கள், தோலாவிராவின் பெரிய நீர்த்தொட்டிகள் ஆகியன உறுதியானவை. அரண்மனை என்று துணிந்து சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி, அதன் பொருள் என்னவென்பது திறந்த கேள்வியாக இருந்தாலும். எழுத்தோ வாசிக்கப்படவில்லை. ஏறத்தாழ 400 குறிகள், சராசரி ஐந்து குறிகள் கொண்ட குறும்பொறிப்புகள், இருமொழிப் பொறிப்பு ஒன்றுகூட இல்லை. அதன் மொழி ஆதித் திராவிடமாகலாம் என்பதற்கு ஐராவதம் மகாதேவன், அஸ்கோ பார்ப்போலா போன்ற பெரிய அறிஞர்கள் மதிக்கத்தக்க காரணங்களைத் தந்திருக்கிறார்கள். மரபணு ஆய்வுகளால் எலும்புக்குரியவரின் வம்சத்தை ஓரளவு அறியலாம், அவர் பேசிய மொழியை அறியமுடியாது. 2025 சனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் அந்த எழுத்தின் புதிரை விடுவிப்போருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசு அறிவித்தார். இன்னும் பரிசு வைக்கவேண்டிய நிலையில் இருக்கும் ஒன்றை நிறுவப்பட்ட உண்மையாக எழுதமுடியாது. திராவிடம் என்று நாளை நிறுவப்பட்டாலும், அது தமிழ், கன்னடம், தெலுங்கு, பிராகூயி எல்லாவற்றுக்கும் பொதுவான முன்னோரின் மொழியாகத்தான் இருக்கும். ஆகையால் பரீட்சை விடைத்தாளில் அதைக் கருதுகோள் என்று பெயர் சொல்லி, முன்வைத்தவர்களையும் அவர்களுக்கு மாறான கருத்தையும் சேர்த்து எழுதுங்கள்; வவுனிக்குளத்துச் செங்கல்லுக்கும் அதே முறைதான்.